இருக்கையில் ஓர் ஆள்

ஏஐ பற்றிய கூட்டம் எங்கே நடந்தாலும் கேள்வி நேரத்தில் ஒருவர் எழுந்து, "இது தப்பு பண்ணினா யார் சார் பொறுப்பு?" என்று கேட்பார். மேடையில் இருப்பவரிடம் பதில் தயாராக இருக்கும். "பயப்படாதீங்க, இயந்திரம் பரிந்துரை மட்டும்தான் செய்யும். கடைசி முடிவு மனிதர் கையில்தான்." கேட்டவர் தலையாட்டிவிட்டு உட்கார்ந்துவிடுவார். அடுத்த கேள்வி வேலைவாய்ப்பு பற்றியதாக இருக்கும். ஸ்கேன் பார்ப்பது, வங்கிக் கடன், ஜாமீன் மனு, குண்டு போடும் ட்ரோன் என்று எதைப் பற்றிக் கேட்டாலும் இந்த ஒரே பதில்தான். இப்போது சட்டத்திலும் ஏறிவிட்டது. 2024 ஆகஸ்டில் அமலுக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டத்தில் மனிதக் கண்காணிப்புக்கென்றே 14ஆவது பிரிவை ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல விஷயம்தானே என்றுதான் யாருக்கும் தோன்றும். எனக்கோ அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் செருப்புக்குள் புகுந்த கல் மாதிரி ஏதோ உறுத்திக்கொண்டே இருந்தது.

என்ன உறுத்துகிறது என்பதைச் சொல்லிக் கொடுத்தவள் என் சித்தி மகள். பெருங்குடி பக்கம் ஓர் அலுவலகத்தில் வெளிநாட்டு மருத்துவக் காப்பீட்டு கிளெய்ம்களைச் சரிபார்க்கும் வேலை அவளுக்கு. முன்பெல்லாம் ஒவ்வொரு கிளெய்மையும் இவர்களே படித்து முடிவு எழுதுவார்கள். இப்போது ஒரு சாஃப்ட்வேர் முதலில் படித்துவிடுகிறது. திரையின் வலது ஓரத்தில் பச்சையிலோ சிவப்பிலோ ஒரு பட்டை வரும். பணம் தரலாம், தரக்கூடாது என்று அதுவே சொல்லிவிடும். கீழே பெரிதாக ஒரு பட்டன். அதை அமுக்கினால் இயந்திரம் சொன்னது உறுதியாகி அடுத்த கிளெய்ம் வந்து நிற்கும். உறவுக்காரர் வீட்டுச் சீமந்தத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அது சொல்றது தப்புன்னு தெரிஞ்சா மாத்தலாம்ல?" என்றேன்.

"தாராளமா மாத்தலாம்ண்ணா, யார் வேண்டாம்னா? ஆனா மாத்தணும்னா ஒரு பட்டியல்ல இருந்து காரணத்தைத் தேடி எடுக்கணும். அப்புறம் விளக்கம் எழுதணும். அது டீம் லீடருக்குப் போகும். வாரக் கடைசியில யார் எத்தனை மாத்தியிருக்காங்கன்னு ஒரு ஷீட் வரும். அதிகமா மாத்தினா பாராட்டுவாங்கன்னு நினைக்காதீங்க."

"அப்போ உன்னை எதுக்கு அங்கே உட்கார வச்சிருக்காங்க?"

"நாளைக்கு ஏதாவது பிரச்சினைன்னா பார்த்தது யார்னு கேப்பாங்கல்ல? அதுக்கு ஒரு பேர் வேணும்ண்ணா. அந்தப் பேரா இருக்கறதுக்குத்தான் சம்பளம்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதற்குள் இலை போட்டுவிட்டார்கள், பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. பேராக இருப்பதற்குச் சம்பளம் என்று அவள் சொன்னது மட்டும் மனதில் தங்கிவிட்டது. அவள் கொஞ்சம் மிகைப்படுத்துகிறாளோ என்றும் தோன்றியது. அலுவலகத்தின் மேல் எரிச்சல் இல்லாதவர் யார்? ஆனால் இதே விஷயம் ஓர் உயிர் போன பிறகு, நொடிக் கணக்காக ஆராயப்பட்டு, அரசு ஆவணமாகவே இருக்கிறது. அதைப் படித்தபோதுதான் அவள் மிகைப்படுத்தவில்லை என்று தெரிந்தது.

மில் அவென்யூ, இரவு பத்து மணி

2018 மார்ச் 18, ஞாயிற்றுக்கிழமை. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் டெம்பி நகரம். 49 வயதான இலேன் ஹெர்ஸ்பெர்க் பைகள் தொங்கும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மில் அவென்யூவைக் கடந்துகொண்டிருந்தார். ஊபர் நிறுவனம் சோதனை ஓட்டம் விட்டிருந்த தானியங்கி கார் ஒன்று மணிக்கு 60 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான வேகத்தில் வந்து மோதியது. அவர் இறந்துபோனார். தானியங்கி கார் மோதிப் பாதசாரி ஒருவர் இறந்ததாகப் பதிவான முதல் சம்பவம் அது. ஏஐ அறம் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாருமே இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். நான் கொஞ்ச நேரம் இங்கேயே நிற்கப் போகிறேன்.

காரின் ஓட்டுநர் இருக்கையில் ஒரு பெண் இருந்தார். கார் தானாக ஓடும். அவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், ஏதாவது தவறாகப் போனால் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். பாதுகாப்பு ஓட்டுநர் என்று பெயர். மோதுவதற்கு முந்தைய நிமிடங்களில் அவர் அடிக்கடி கீழே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய போனில் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி ஓடிக்கொண்டிருந்தது என்றது போலீஸ். காருக்குள் இருந்த கேமரா பதிவு வெளியானதும் உலகம் தீர்ப்பு எழுதிவிட்டது: வேலை நேரத்தில் போனைப் பார்த்தார், ஒரு பெண் செத்துப்போனார். முடிந்தது கதை. காருக்கு வெளியே பார்க்கும் கேமராவின் படத்தையும் போலீஸ் வெளியிட்டது. அதில் சாலை கும்மிருட்டாக இருந்தது. இந்த இருட்டில் யாராக இருந்தாலும் மோதித்தான் இருப்பார்கள் என்று பேச்சு கிளம்பியது. அந்த ஊர்க்காரர்கள் சிலர் அதே இடத்துக்கு இரவில் போய்த் தங்கள் போனில் படம் எடுத்துப் போட்டார்கள். சாலையில் விளக்கு நன்றாகவே எரிந்துகொண்டிருந்தது. அது கிடக்கட்டும், காரின் தலையில் சுழலும் லைடாருக்கு வெளிச்சமே தேவையில்லை. அது லேசர் ஒளியை வீசி, திரும்பி வருவதை வைத்துத் தூரம் அளப்பது. நட்டநடு ராத்திரியும் நண்பகலும் அதற்கு ஒன்றுதான்.

அமெரிக்காவில் விமானம் விழுந்தால் விசாரிக்கிற தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இந்த விபத்தையும் விசாரித்தது. 2019 நவம்பரில் முடிவுகளை வெளியிட்டது. விசாரணையில் வெளிவந்த விவரங்களில் ஓர் அட்டவணை உண்டு. மோதுவதற்கு எத்தனை நொடி முன்பு இயந்திரம் என்ன நினைத்தது என்பதை வரிசையாகப் போட்டிருப்பார்கள். என்னைப் பொறுத்தவரை ஏஐ அறம் பற்றி எழுதப்பட்ட பெரிய பெரிய புத்தகங்களைவிட அந்த அட்டவணைக்குக் கனம் அதிகம்.

5.6 நொடிக்கு முன்பே ரேடார் அவரைப் பார்த்துவிட்டது. அந்த வேகத்தில் 5.6 நொடி என்றால் ஏறக்குறைய நூறு மீட்டர் தூரம் இருக்கிறது. மெதுவாக பிரேக் போட்டாலே நின்றுவிடலாம். வாகனம் என்று முடிவு செய்தது. 5.2 நொடியில் லைடாரும் பார்த்தது. இப்போது வகை தெரியாத ஏதோ ஒன்று என்றது. பிறகு மறுபடி வாகனம், மறுபடி ஏதோ ஒன்று, இப்படி மாறி மாறி. 2.6 நொடியில் சைக்கிள். 1.5 நொடியில் மீண்டும் ஏதோ ஒன்று. 1.2 நொடியில் திரும்பவும் சைக்கிள், அதுவும் நம் பாதையிலேயே வருகிறது, ஆபத்து.

இப்படிக் குழம்பியதைக் கூட மன்னிக்கலாம். சைக்கிளில் பைகளை மாட்டித் தள்ளிக்கொண்டு வருகிற ஓர் உருவம் யாரையும் ஒரு கணம் குழப்பும்தான். ஆனால் ஒவ்வொரு முறை வகையை மாற்றும்போதும் அந்த மென்பொருள் அதுவரை அந்த உருவம் எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்ற வரலாற்றைத் தூக்கிப் போட்டுவிட்டது. புதிய வகை என்றால் புதிய கணக்கு. வகை தெரியாத, நகர்ந்த வரலாறும் இல்லாத பொருளை நின்றுகொண்டிருக்கும் பொருளாகத்தான் எடுத்துக்கொள்ளும். ஒரு பெண் இடமிருந்து வலமாக மூன்று தடங்களைத் தாண்டி நடந்து வந்துகொண்டே இருக்கிறார். இயந்திரமோ ஒவ்வொரு தடவையும் அவரை அப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறது. நடந்து வருகிறவர் இன்னும் இரண்டு நொடியில் எங்கே இருப்பார் என்று கணக்குப் போட முந்தைய நொடி ஞாபகத்தில் இருக்க வேண்டாமா?

மனிதர் என்று மட்டும் அது கடைசி வரை ஒருமுறைகூட நினைக்கவில்லை. காரணம் எளியது. ஜீப்ரா கிராசிங் இல்லாத இடத்தில் மனிதர்கள் சாலையைக் கடப்பார்கள் என்பதை அந்த அமைப்பை வடிவமைத்தவர்கள் கணக்கில் எடுத்திருக்கவில்லை. இந்த வரியைப் படித்துவிட்டு எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். சென்னை ஜிஎஸ்டி சாலையில் ஒரு நாளாவது போய்வந்த யாரும் இதை நம்ப மாட்டார்கள். டெம்பியில் மட்டும் என்ன வாழ்கிறது? அந்த இடத்தில் சாலை நடுவே இருந்த திட்டில் அழகாகச் செங்கல் பதித்து, நடக்க வாருங்கள் என்று கூப்பிடுவது போல ஒரு பாதை. பக்கத்தில், இங்கே கடக்காதீர்கள் என்று பலகை. உண்மையான கிராசிங் 360 அடி தள்ளி இருந்தது.

சரி, 1.2 நொடி இருக்கும்போது ஆபத்து என்று தெரிந்துவிட்டதே, அப்போதாவது பிரேக் பிடித்ததா? இல்லை. அவசர நிலை என்று இயந்திரம் முடிவு செய்தால் ஒரு நொடி சும்மா இருக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். ஒன்றுமில்லாததற்கெல்லாம் கார் சடார் சடாரென்று நின்றால் பயணம் சொகுசாக இருக்காது. அதனால் அந்த ஒரு நொடியில் அபாயம் பொய்யா நிஜமா என்று தெளிவாகட்டும், இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் மனிதர் பார்த்துக்கொள்ளட்டும் என்ற ஏற்பாடு. அந்த ஒரு நொடி கழிந்து, மோதுவதற்கு 0.2 நொடி இருக்கும்போது காருக்குள் எச்சரிக்கை ஒலி அடித்தது. 0.2 நொடி என்பது கண் சிமிட்டும் நேரம். பாதுகாப்பு ஓட்டுநர் ஸ்டீயரிங்கைப் பிடித்தது மோதலுக்கு ஒரு நொடிக்கும் குறைவான நேரத்துக்கு முன்பு. பிரேக் போட்டது மோதிய பிறகு.

அந்த வால்வோ காரில் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே அவசர பிரேக் வசதி இருந்தது. ஊபரின் அமைப்பு ஓடும்போது இரண்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் என்று அதை அணைத்து வைத்திருந்தார்கள். அது இயங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று வால்வோ கணினியில் ஓட்டிப் பார்த்தது. 20 முறையில் 17 முறை மோதலே நடந்திருக்காது. மற்ற மூன்றிலும் மணிக்கு 10 மைலுக்கும் குறைவான வேகத்தில்தான் தட்டியிருக்கும்.

தண்டவாளத்தில் யாரைக் கட்டுவது

இதே காலத்தில் தானியங்கி கார்களின் அறம் என்ற பேரில் உலகம் எதைப் பேசிக்கொண்டிருந்தது தெரியுமா? பிரேக் பிடிக்காத கார், எதிரே ஒரு பக்கம் மூதாட்டி, இன்னொரு பக்கம் குழந்தை, யார் மேல் ஏற்றுவது? தறிகெட்டு ஓடும் டிராம் ஐந்து பேர் மேல் ஏறட்டும் என்று விடுவதா, தடம் மாற்றி ஒருவர் மேல் ஏற்றுவதா என்று 1967இல் பிரிட்டிஷ் தத்துவவாதி ஃபிலிப்பா ஃபுட் எழுப்பிய டிராலி புதிரின் பேரப் பிள்ளை இது. எம்ஐடி ஆய்வாளர்கள் 2016இல் இதை ஓர் இணைய விளையாட்டாகவே ஆக்கினார்கள். 233 நாடுகளிலிருந்தும் ஆட்சிப் பகுதிகளிலிருந்தும் ஏறக்குறைய 4 கோடி முடிவுகள் வந்து குவிந்தன. மருத்துவரைக் காப்பாற்றலாமா திருடனைக் காப்பாற்றலாமா, நாய் முக்கியமா பூனை முக்கியமா என்றெல்லாம் மக்கள் பட்டனை அமுக்கினார்கள். டெம்பி விபத்து நடந்த அதே 2018இல் 'நேச்சர்' இதழில் முடிவுகள் வந்தன.

அந்த ஆய்வை நான் கிண்டல் செய்யவில்லை. எந்த நாட்டு மக்கள் முதியவர்களுக்கு எவ்வளவு மதிப்புத் தருகிறார்கள் என்று பார்க்கச் சுவையாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் புதிரில் இயந்திரத்துக்கு எல்லாம் தெரியும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டுவிடுகிறோம். எதிரே இருப்பது மூதாட்டி என்று தெரியும், குழந்தை என்று தெரியும், மருத்துவர் என்பதுகூடத் தெரியும். நிஜமான காருக்கோ எதிரே இருப்பது மனிதர் என்பதே தெரியவில்லை. யாரைக் கொல்வது என்று அது தேர்ந்தெடுக்கவில்லை. தேர்வு அதற்கு மாதக்கணக்கில் முன்பே, விளக்கு நன்றாக எரியும் ஏதோ ஓர் அறையில், காபி குடித்துக்கொண்டே செய்யப்பட்டுவிட்டது: ஒரு நொடி தாமதம் வைப்போமா, பழைய தடத்தை வைத்துக்கொள்வோமா அழிப்போமா, கிராசிங் இல்லாத இடத்தில் நடப்பவர்களைக் கணக்கில் சேர்ப்போமா. அந்த அறையில் யாரும் தாங்கள் அறம் பற்றிய முடிவு எடுப்பதாக நினைத்திருக்க மாட்டார்கள். சொகுசு, காலக்கெடு, செய்துகாட்டல் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்பது என் ஊகம்.

இன்னொரு முடிவும் உண்டு. முதலில் ஒவ்வொரு காரிலும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் சாலையைப் பார்ப்பார், இன்னொருவர் திரையில் வரும் தகவல்களைப் பார்த்துக் குறித்துக்கொள்வார். 2017 இலையுதிர் காலத்தில் அதை ஒருவராகக் குறைத்தார்கள். அதன் பிறகு சாலையையும் பார்க்க வேண்டும், திரையையும் பார்க்க வேண்டும், குறிக்கவும் வேண்டும். எல்லாம் ஒரே ஆள், ராத்திரி ஷிஃப்ட்டில், பல முறை போய்வந்த அதே பாதையில்.

பார்த்துக்கொண்டே இருப்பது

இயந்திரம் நன்றாக வேலை செய்யும்போது அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது மனிதர்களால் ஆகாத காரியம். இது புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய விஷயம்கூட இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் திரை முன்னால் உட்கார்ந்திருந்த பிரிட்டிஷ் வீரர்கள் நீர்மூழ்கிக் கப்பல்களின் அடையாளத்தைத் தவறவிட்டார்கள். ஏன் என்று நார்மன் மேக்வொர்த் என்ற உளவியலாளர் சோதித்தார். கடிகாரம் போன்ற ஒரு முகப்பு, அதில் தாவித் தாவி நகரும் ஒரு முள். எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவும். அப்போது விசையை அமுக்க வேண்டும், அவ்வளவுதான். 1948இல் முடிவு வெளியானது. அரை மணி நேரத்துக்குள்ளேயே கவனம் சரியத் தொடங்கிவிடுகிறது. கவனியுங்கள், இவர்கள் சோம்பேறிகள் இல்லை. போர்க்காலத்தில், உயிர்கள் தங்கள் கையில் என்று தெரிந்து பயிற்சி பெற்றவர்கள்.

1983இல் லிசான் பெய்ன்பிரிட்ஜ் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் தானியக்கத்தின் முரண்கள் பற்றி ஒரு சிறிய கட்டுரை எழுதினார். ஆலைகளின் கட்டுப்பாட்டு அறைகளை மனதில் வைத்து எழுதியது. மனிதர் தப்பு செய்வார் என்று சொல்லித்தான் வேலையை இயந்திரத்திடம் கொடுக்கிறோம். பிறகு அதே மனிதரை இயந்திரத்துக்குக் காவல் வைக்கிறோம். அன்றாடம் கையால் செய்யாததால் அவருக்குக் கைப்பழக்கம் போய்விடுகிறது. இயந்திரத்தால் முடியாத மிகக் கடினமான கணத்தில் மட்டும் அவரைக் கூப்பிடுகிறோம். நாற்பது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இன்றைக்குப் படித்தாலும் நேற்று எழுதியது போல இருக்கிறது.

ஆக, ஒருவரை அந்த இருக்கையில் தனியாக உட்கார வைக்கும்போதே அவர் கவனம் சிதறும் என்று தெரிந்திருக்க வேண்டும். தெரிந்தும் அதற்கு மாற்று ஏற்பாடு செய்யாவிட்டால் அது கண்காணிப்பு ஆகாது, கண்துடைப்புதான். ஊபர் காருக்குள் ஓட்டுநரை நோக்கிய கேமரா இருந்தது. அந்தப் பதிவுகளை நிறுவனம் எடுத்துப் பார்த்தது அபூர்வம். விபத்து நடந்தபோது பாதுகாப்புக்கென்று தனிப் பிரிவே அங்கே கிடையாது. இரண்டையும் வாரியமே பதிவு செய்திருக்கிறது.

அந்தப் பெண் போன் பார்த்ததை நான் நியாயப்படுத்த வரவில்லை. வாரியம் சொன்ன முதன்மைக் காரணமும் அதுதான். அவர் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அநேகமாக இலேன் ஹெர்ஸ்பெர்க் இன்றைக்கு இருந்திருப்பார். நிகழ்ச்சியைப் பார்க்கவில்லை, காதால் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன் என்று அவர் தரப்பில் சொன்னார்கள். அது எனக்குப் பெரிய வித்தியாசமாகப் படவில்லை. ஆனால் அதே வாரியம் நிறுவனத்தின் பாதுகாப்புக் கலாச்சாரத்தையும், சோதனைக்கு வாசலைத் திறந்துவிட்டு எட்டிக்கூடப் பார்க்காத மாநில அரசையும் காரணமாகச் சொல்லியிருந்தது. கலிஃபோர்னியாவில் அனுமதிச் சிக்கல் வந்தபோது 2016இல் ஊபரை இரு கை நீட்டி வரவேற்றவர் அப்போதைய அரிசோனா ஆளுநர் டக் டூசி.

இனி நீதிமன்றத்தில் நடந்ததைப் பாருங்கள். 2019 மார்ச்சில் அரசு வழக்கறிஞர் ஊபர் மீது குற்ற வழக்கு தொடுக்க அடிப்படை இல்லை என்று எழுதிவிட்டார். 2020இல் பாதுகாப்பு ஓட்டுநர் மீது கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாக வழக்கு. 2023 ஜூலையில் அதைவிடக் குறைந்த குற்றச்சாட்டை அவர் ஒப்புக்கொண்டார். மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பு. அதற்குள் ஊபர் தன் தானியங்கி கார் பிரிவை 2020 டிசம்பரில் ஆரோரா என்ற நிறுவனத்திடம் தள்ளிவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விட்டது. அந்தப் பெண்ணின் பெயரும் முகமும் இணையம் முழுக்கக் கிடைக்கும். நான் இங்கே எழுதவில்லை. ஒரு நொடி சும்மா இரு என்று எழுதியது யார், நடந்து வந்த தடத்தை அழித்துவிடலாம் என்று கையெழுத்துப் போட்டது யார் என்று ஊருக்குத் தெரியாது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

மேடலின் கிளேர் எலிஷ் என்ற ஆய்வாளர் இந்த விபத்துக்கு முன்பே இதற்கு ஒரு விளக்கம் சொல்லியிருந்தார். கார்களின் முன்பகுதியை மோதும்போது நசுங்கும்படி கட்டுவார்கள். அது நசுங்கி அடியை வாங்கிக்கொண்டு உள்ளே இருக்கும் மனிதரைக் காப்பாற்றும். தானியங்கி அமைப்புகளில் இது தலைகீழாக நடக்கிறது என்றார். பழி வந்து மோதும்போது அமைப்புக்கு மிக அருகில் நிற்கும் மனிதர் நசுங்குகிறார், அமைப்பு தப்பிக்கிறது. 1979இல் நடந்த திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தையும், 2009இல் அட்லாண்டிக்கில் விழுந்த ஏர் பிரான்ஸ் விமானத்தையும் எடுத்துக்காட்டியிருந்தார். இதைத்தான் என் சித்தி மகள் பந்திக்குக் காத்திருந்தபோது எந்தக் கட்டுரையும் படிக்காமலே சொல்லிவிட்டாள்.

காலி இருக்கை

இது எப்போதும் இப்படித்தான் நடக்குமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு சம்பவம் எதிர்த் திசையிலிருந்து வந்தது. 2023 அக்டோபர் 2, சான் ஃபிரான்சிஸ்கோ. மனிதர் ஓட்டிய கார் ஒன்று சாலையைக் கடந்த பெண்ணை இடித்து, பக்கத்துத் தடத்தில் வந்த குரூஸ் நிறுவனத்தின் தானியங்கி கார் முன்னால் தள்ளியது. இடித்தவர் நிற்காமல் ஓடிவிட்டார். குரூஸ் கார் பிரேக் போட்டது, ஆனாலும் மோதி நின்றது. அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்தப் பெண் எங்கே இருக்கிறார் என்பதைச் சரியாகப் பிடிக்காமல், ஏதோ பக்கவாட்டில் பட்டுவிட்டது என்று முடிவு செய்து, ஓரமாக நிறுத்தலாம் என்று நகர்ந்தது. காரின் அடியில் சிக்கியிருந்தவரை ஏறக்குறைய 20 அடி இழுத்துக்கொண்டு போனது. பலத்த காயம், உயிர் பிழைத்தார்.

அந்தக் காரில் யாரும் இல்லை. போன் பார்த்தாரா என்று கேட்க ஆளே இல்லை. அதனால் கேள்வி நேராக நிறுவனத்திடம் போனது. இழுத்துச் சென்றதை அதிகாரிகளிடம் ஒழுங்காகச் சொல்லவில்லை என்று தெரியவந்தது. மூன்று வாரத்தில் கலிஃபோர்னியா அனுமதியை நிறுத்தியது. நவம்பரில் தலைமை நிர்வாகி பதவி விலகினார். பொய்யான அறிக்கை தந்ததை நிறுவனம் ஒப்புக்கொண்டு 5 லட்சம் டாலர் அபராதம் கட்டியது. 2024 டிசம்பரில் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் ரோபோ டாக்சிக்குப் பணம் போடுவதையே நிறுத்திவிட்டது. மறைத்ததற்குத்தான் முக்கியமாக அடி விழுந்தது, இழுத்ததற்கு மட்டும் இவ்வளவு விழுந்திருக்குமா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உயிர் போன விபத்தில் நிறுவனம் குற்ற வழக்கிலிருந்து தப்பியது. உயிர் பிழைத்த விபத்தில் நிறுவனமே காலியானது. இருக்கையில் ஓர் ஆள் இருந்ததும் இல்லாததும்தான் என் கண்ணுக்கு முதலில் தெரிகிற வித்தியாசம்.

அதற்காக மனிதரே வேண்டாம், எல்லா இருக்கையையும் காலியாக்குங்கள் என்று சொல்லவில்லை. இயந்திரத்தை நிறுத்தும் அதிகாரம், அதற்கான நேரம், நிறுத்தினால் தண்டனை இல்லை என்ற உறுதி மூன்றும் உள்ள ஒருவர் இருப்பது நல்லதுதான். இவை இல்லாமல் ஓர் உடலை மட்டும் உட்கார வைத்துவிட்டு, பொறுப்பு அவருடையது என்று கைகழுவுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. பொறுப்பைப் பங்கு போடவும் முடியும். 2025 ஆகஸ்டில் மயாமி நீதிமன்றம் ஒன்றில் நடுவர் குழு (ஜூரி) அதைச் செய்தது. டெஸ்லாவின் ஆட்டோபைலட் ஓடிக்கொண்டிருந்தபோது 2019இல் நடந்த மோதல் அது. ஓட்டியவர் கீழே விழுந்த போனை எடுக்கக் குனிந்திருந்தார். நடுவர்கள் நிறுவனத்துக்கு 33 சதவீதப் பொறுப்பு என்றார்கள், 24 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொன்னார்கள். குனிந்தவரும் தப்பவில்லை, குனிந்தாலும் ஓடும்படி வைத்தவர்களும் தப்பவில்லை.

பிரிட்டன் இன்னும் ஒரு படி போயிருக்கிறது. 2024 மே மாதம் நிறைவேறிய தானியங்கி வாகனச் சட்டத்தின்படி, அரசு அங்கீகரித்த தானோட்ட அமைப்பு ஓட்டிக்கொண்டிருக்கும்போது கார் ஓடிய விதத்துக்காக இருக்கையில் இருப்பவர் மீது வழக்கு போட முடியாது. அந்த அமைப்புக்குப் பொறுப்பேற்றுப் பதிவு செய்துகொண்ட நிறுவனம்தான் பதில் சொல்ல வேண்டும். இன்சூரன்ஸ் இருக்கிறதா, குழந்தைகள் சீட் பெல்ட் போட்டிருக்கிறார்களா என்பது போன்றவை மட்டும் மனிதர் தலையில். இயந்திரத்தால் முடியாத நிலை வந்தால் அது மனிதரைக் கூப்பிடலாம். ஆனால் அவர் நிலைமையைப் புரிந்துகொண்டு கையில் எடுக்கப் போதிய அவகாசம் தந்துதான் கூப்பிட வேண்டும். அந்த அவகாசம் முடியும் வரை பொறுப்பு அவருக்கு மாறாது. 0.2 நொடிக்கு முன்னால் மணி அடித்துவிட்டு, நான் சொன்னேனே என்று தப்பிக்க முடியாது. சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வர 2027 ஆகும் என்கிறார்கள். போதிய அவகாசம் என்பது எத்தனை நொடி என்று விதி எழுதும்போது நிறுவனங்கள் எப்படியெல்லாம் இழுபறி செய்யும் என்று பார்க்க வேண்டும்.

இதெல்லாம் சாலைக்கு. கிளெய்ம் மேசைக்கும் கடன் மேசைக்கும் வேலைக்கு ஆள் எடுக்கும் மேசைக்கும் இதே விதியைக் கேட்டால் என்ன? மேசையில் பிரேக் சத்தம் கேட்காது, யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள், விசாரிக்க வாரியமும் வராது. அதனால் இப்போதைக்கு நான் கேட்பது சின்ன விஷயம்தான். என் கிளெய்மை நிராகரித்துவிட்டு, மனிதர் ஒருவர் பார்த்துத்தான் முடிவு எடுத்தோம் என்று ஒரு நிறுவனம் எனக்கு எழுதினால், பார்த்தவர் பெயர் எனக்கு வேண்டாம். அந்தக் கோப்பு அவர் திரையில் எத்தனை நொடி இருந்தது, ஒரு நாளைக்கு அவர் எத்தனை கோப்பு முடிக்க வேண்டும், இயந்திரம் சொன்னதை மாற்றினால் வாரக் கடைசி ஷீட்டில் அவர் கணக்கில் என்ன ஏறும், இந்த மூன்றையும் கடிதத்திலேயே எழுதித் தரட்டும்.